வலைக்கு அனுமதிப்பத்திரம் உண்டு, மதகுக்கு? – ஊவாவின் நன்னீர் மீன்பிடியும் நாமும்

பதுளைச் சந்தையில் மீன் விற்பவர்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. தோட்டங்களில் சம்பளம் போட்ட அடுத்த இரண்டு மூன்று நாட்களுக்குத்தான் கடல் மீன் கொஞ்சம் போகும். அதற்குப் பிறகு மாதக் கடைசி வரைக்கும் குளத்து மீனும் கருவாடும்தான். பசறை, மடூல்சீமை, தெமோதரைப் பக்கத்து லயங்களில் குழந்தைகளின் தட்டில் விழும் மீனில் பெரும்பகுதி கடலைக் கண்டதில்லை. அது மஹியங்கனையிலிருந்தோ மொனராகலையிலிருந்தோ வந்த திலாப்பியா. கிழக்கில் இருப்பவர்கள் ஜப்பான் மீன் என்பார்களே, அதேதான்.

இந்தக் கணக்கு எனக்கு வீட்டிலேயே தெரிந்தது. என் வாப்பா முப்பது வருடங்களுக்கு மேல் அந்த வியாபாரத்தில் இருந்தவர். மஹியங்கனைப் பக்கத்துக் குளங்களில் பிடிபடும் மீனை மரப்பெட்டியில் ஐஸும் மரத்தூளும் போட்டு அடுக்கி, மீகஹகிவுல பாதையால் விடியற்காலை பஸ்ஸில் பதுளைக்குக் கொண்டுவருவார். நான் ஆசிரியர் தொழிலுக்குப் போனேன். ஆனால் அந்தக் குளங்களோடும் அங்குள்ள மீனவர்களோடும் உள்ள தொடர்பு அறுந்துவிடவில்லை.

அண்மையில் அங்கே போயிருந்தபோது, வாப்பாவின் காலத்திலிருந்து பழக்கமான ஒரு சிங்கள மீனவர் தன் அனுமதிப்பத்திரத்தை எடுத்துக் காட்டினார். பிளாஸ்டிக் உறையில் பத்திரமாக வைத்திருந்தார். அவர் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: “நானா, இதைக் கேட்டு வருகிறவர்கள் என் வலையின் கண்ணை அளந்து பார்க்கிறார்கள். அது சரிதான். ஆனால் முட்டையிடுகிற நேரத்தில் குளத்துத் தண்ணீரை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகிறார்களே, அதை அளக்க யார் வருவார்கள்?”

ஊவா மாகாணத்தின் நன்னீர் மீன்பிடியில் இன்றிருக்கும் சிக்கலை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. வலை போடுகிறவனுக்குச் சட்டம் இருக்கிறது. தண்ணீரைத் திறப்பவருக்கும் மூடுபவருக்கும் திசை திருப்புபவருக்கும் மீனைப் பற்றிக் கேட்கும் எந்தக் கடப்பாடும் நடைமுறையில் இல்லை. உமா ஓயாவின் தண்ணீர் மலைக்குள்ளால் வேறு பக்கம் ஓடத் தொடங்கிவிட்ட இந்தக் காலத்தில், இது மீனவர்களின் பிரச்சினை என்று நாம் விலகி நிற்க முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அனுமதிப்பத்திர முறை தேவையானது. குளம் யாருக்கும் சொந்தமில்லாதபோது, இன்று நான் விட்டுவைக்கும் சிறிய மீனை நாளை இன்னொருவர் பிடித்துவிடுவார் என்ற பயம் ஒவ்வொருவருக்கும் வரும். அந்தப் பயத்தில் எல்லோரும் சிறிய கண் வலைக்கு மாறுவார்கள். இரண்டு மூன்று வருடங்களில் குளத்தில் விரல் நீள மீன்களே மிஞ்சும். இதைத் தடுக்க எல்லோருக்கும் பொதுவான ஒரு விதியும், அதைக் காவல் காக்கும் ஒரு கையும் வேண்டும்.

1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடற்றொழில் மற்றும் நீர்வாழ் உயிரின வளங்கள் சட்டம் அந்த விதியைத் தந்தது. குறித்துரைக்கப்பட்ட மீன்பிடி முறைகளுக்கு அனுமதிப்பத்திரம் தேவை. வெடிபொருள், நஞ்சு, மயக்கப் பொருள் கொண்டு மீன் பிடிப்பது குற்றம். அதே ஆண்டு வந்த நன்னீர் மீன்பிடி ஒழுங்குவிதிகளின்படி, நீர்த்தேக்கங்களில் போடும் செவுள் வலையின் கண் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. மீன் ஒரு தடவையாவது முட்டையிட்ட பிறகே வலையில் சிக்க வேண்டும் என்பதே அந்த அளவின் நோக்கம். தங்கூசி வலைக்கும் தடை இருக்கிறது.

சட்டத்தின் சிறப்பான பகுதி இன்னொன்று. ஒரு நீர்நிலையையோ கரையோரப் பகுதியையோ மீன்பிடி முகாமைத்துவப் பிரதேசமாக அறிவிக்கலாம். அங்கு குடியிருக்கும் அல்லது தொழில் செய்யும் பதிவுபெற்ற மீனவர்கள் சேர்ந்து ஒரு குழுவை அமைக்கலாம். எந்த மாதத்தில் வலை போடுவது, எத்தனை தோணி இறங்குவது என்று அந்தக் குழு திட்டம் வகுத்து முன்வைக்கலாம். பின்னர் 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய நீர்வாழ் உயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபை, அதாவது நாம் நெக்டா என்று அழைப்பது, உருவானது. குளங்களில் மீன்குஞ்சு விடுவதும் நன்னீர் மீனவர் சங்கங்களை ஒழுங்குபடுத்துவதும் அதன் வேலைகளில் அடங்கும்.

காகிதத்தில் பார்த்தால் இது நல்ல சட்டம். இப்படி ஒரு ஏற்பாடு இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதையும் இந்த நாடு ஒருமுறை அனுபவித்திருக்கிறது.

அரசு கைவிட்ட நான்கு வருடங்கள்

திலாப்பியா 1952இல் இந்த நாட்டுக் குளங்களுக்குக் கொண்டுவரப்பட்டது. அடுத்து வந்த பதிற்றாண்டுகளில் நன்னீர் மீன்பிடியே அந்த ஒரு மீனின் முதுகில் ஏறி வளர்ந்தது. 1989இல் நாட்டின் நன்னீர் மீன் உற்பத்தி ஏறத்தாழ 39,000 தொன். மறு வருடம், 1990இல், ஜனாதிபதி பிரேமதாசவின் அரசாங்கம் நன்னீர் மீன்பிடிக்கான அரச உதவிகள் அனைத்தையும் நிறுத்தியது. உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகக் கூடாது என்ற பௌத்த மத எதிர்ப்பே அதற்குக் காரணம்.

மீன்பிடிப்பது அதனால் நின்றுவிடவில்லை. மீன் சாப்பிடுவதும் நின்றுவிடவில்லை. மீன்குஞ்சு வளர்க்கும் நிலையங்கள் கைமாறின, மீன்குஞ்சு விடுவது நின்றது, குளக்கரைக்கு வந்து வலையைப் பார்க்கும் உத்தியோகத்தர் வராமல் போனார். சிறிய கண் வலைகள் தாராளமாக இறங்கின. 1994இல் பதிவான உற்பத்தி 12,000 தொன் அளவுக்கு விழுந்தது. கணக்கெடுப்பு தளர்ந்ததும் இந்த வீழ்ச்சிக்கு ஓரளவு காரணமாக இருக்கலாம். ஆனால் வாப்பாவின் பெட்டிக்குள் நான் கண்ட மாற்றம் எந்தப் புள்ளிவிவரத்தையும் விடத் தெளிவானது. முன்பு ஒரு கிலோவுக்கு மூன்று மீன் நின்ற இடத்தில் எட்டு, பத்து மீன் நின்றது. லயத்துப் பெண்கள், “என்ன நானா, பூனைக்கா கொண்டு வந்தீங்க?” என்று கேட்பார்கள்.

1994இல் ஆட்சி மாறியதும் அரச உதவி திரும்பியது. அதன் பிறகு படிப்படியாக உற்பத்தி ஏறி, இன்று 1989ஆம் ஆண்டின் அளவை இரண்டு மடங்குக்கும் மேல் கடந்து நிற்கிறது.

மாடறுப்புத் தடை பற்றிய வாதங்களை அடிக்கடி கேட்கும் நமது சமூகத்துக்கு இந்த வரலாறு பயனுள்ளது. 2020இல் அமைச்சரவை மாடறுப்புத் தடை யோசனைக்கு இணங்கியபோது எழுந்த கேள்விகள் அனைத்துக்கும் 1990களின் குளங்களில் ஒரு பதில் இருக்கிறது. ஒரு தொழிலை அரசு பார்க்க மறுப்பதால் அந்தத் தொழில் ஒழிவதில்லை. அதன் ஒழுங்குதான் ஒழிகிறது. ஒழுங்கு ஒழிந்தால் முதலில் அடிபடுவது அதை நம்பிச் சாப்பிடும் ஏழை. அந்தக் குளங்களில் வலை போட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் சிங்கள பௌத்தர்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

வாப்பாவின் கொப்பி

இனி நம் பக்கத்துக்கு வருவோம். மற்றவர்களின் தவறுகளை எழுதிவிட்டு நமது தவறை விட்டுவிடுவது நியாயமல்ல.

வாப்பாவின் ஜனாஸாவுக்குப் பிறகு அவருடைய பெட்டியில் ஒரு நீளக் கொப்பி கிடைத்தது. அதில் பதினொரு மீனவர்களின் பெயர்களும் ஒவ்வொருவரும் தர வேண்டிய தொகையும் இருந்தன. வலை வாங்க, தோணி திருத்த, பிள்ளையின் பாடசாலைச் செலவுக்கு, கலியாணத்துக்கு என்று கொடுத்த முற்பணங்கள். நாங்கள் சகோதரர்கள் பேசி அத்தனை கடனையும் விட்டுக்கொடுத்தோம். நான் நேரில் போய் அதைச் சொன்னபோது ஒரு முதியவர் நன்றி சொன்னார். பிறகு மெதுவாக, “கடன் எங்களுக்குப் பாரமில்லை மகன். கடனுக்காக மீனைச் சொன்ன விலைக்குக் கொடுத்தோம். அந்த விலை பற்றாததால்தான் இரண்டு அங்குல வலை வாங்கினோம்” என்றார்.

எனக்கு அது பெரிய அதிர்ச்சி. வாப்பா ஒரு வக்துத் தொழுகையையும் விடாதவர். தராசில் குறை வைக்காதவர். ஆனால் அவர் வாழ்ந்த வியாபார முறை அப்படி இருந்தது. வங்கி மீனவனுக்குக் கடன் தராது, முதலாளி தருவார். கடன் வாங்கியவர் வேறு யாருக்கும் மீன் விற்க முடியாது. விலையை முதலாளியே சொல்வார். சந்தையில் விலை ஏறினாலும் குளக்கரையில் ஏறாது. அந்த இடைவெளியை மீனவர் வலையின் கண்ணைச் சுருக்கி நிரப்புவார். அனுமதிப்பத்திரத்தில் 8.5 சென்ரிமீற்றர் என்று எழுதியிருக்கும். கடன் கொப்பி இரண்டு அங்குலம், அதாவது ஐந்து சென்ரிமீற்றர் என்று சொல்லும். கொப்பிதான் வெல்லும்.

ஊவாவின் மீன் வியாபாரத்தில் நமது சமூகத்துக்குக் கணிசமான பங்கு உண்டு. கடன் கொடுத்து அந்தக் கடனாலேயே ஒரு பயனை இழுத்துக்கொள்வது எவ்வளவு ஆபத்தான எல்லை என்பதை நமது உலமாக்கள் விளக்கியே வந்திருக்கிறார்கள். குளத்தின் அழிவைப் பற்றிப் பேசும்போது சட்டம் மீறும் மீனவரை மட்டும் சுட்டுவது இலகு. அவரை மீற வைக்கும் விலை எங்கே தீர்மானமாகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

தோட்டத்து மக்களின் நிலை வேறு. அவர்கள் இந்தச் சங்கிலியின் கடைசியில் வாங்குபவர்களாகவே நிற்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட தோட்டப்புறக் குழந்தைகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் என்று காட்டியது. நாடு முழுவதற்குமான விகிதம் 17. இந்தக் குழந்தைகளுக்கு எட்டும் விலையில் உள்ள புரதங்களில் முக்கியமானது குளத்து மீன். தோட்டத்துக்குள்ளேயே நீர்நிலை இருக்கும் இடங்களிலும் நிலம் கம்பனியின் குத்தகையில் இருக்கிறது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவருக்கு அந்தக் கரையில் காலூன்ற உரித்து இல்லை. பிரதேச சபைகள் தோட்டங்களுக்குள் வேலை செய்வதற்கு இருந்த சட்டத் தடையே 2018இல்தான் நீக்கப்பட்டது என்றால், மீனவர் பதிவேட்டில் தோட்டத்து முகவரிகள் அரிதாக இருப்பதில் வியப்பில்லை.

தண்ணீர் யார் கையில்?

ஊவாவில் உள்ள ஒரு நீர்நிலைக்கு எத்தனை எசமானர்கள் என்று எண்ணிப் பாருங்கள். மகாவலி வலயத்தில் இருந்தால் மகாவலி அதிகார சபை. பெரிய குளமென்றால் நீர்ப்பாசனத் திணைக்களம். சிறிய குளமென்றால் கமநலத் திணைக்களம். மின்சாரம் எடுக்கும் நீர்த்தேக்கமென்றால் மின்சாரத் துறையின் கையும் இருக்கும். காட்டை ஒட்டியிருந்தால் வனஜீவராசிகள் திணைக்களம். இவை அத்தனைக்கும் பிறகு, தண்ணீருக்குள் இருக்கும் மீனுக்கு மட்டும் நெக்டா.

வயலுக்கு எப்போது தண்ணீர் விடுவது என்பதைப் பருவ ஆரம்பத்தில் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் கமக்காரர்களும் அதிகாரிகளும் தீர்மானிக்கிறார்கள். அது நல்ல மரபு. ஆனால் அதே குளத்தில் அனுமதிப்பத்திரம் பெற்ற மீனவருக்கு அந்தக் கூட்டத்தில் உரிமையோடு உட்கார ஒரு நாற்காலி இல்லை. திலாப்பியா கரையோர ஆழமற்ற நீரில் குழி தோண்டிக் கூடு கட்டும் மீன். தண்ணீர் திடீரென்று இறங்கினால் கூடு வெயிலில் கிடக்கும். நீர்மட்டம் மிகவும் தாழ்ந்தால் மிச்ச மீன் முழுவதும் ஒரு சிறு குட்டையில் ஒதுங்கும். அங்கே பெரிய கண் வலைகூட குளத்தையே துடைத்துவிடும்.

இந்தப் பிரச்சினை குளத்தோடு முடிவதில்லை. பதுளை, பண்டாரவளை மலைகளிலிருந்து தண்ணீர் நாலா பக்கமும் இறங்குகிறது. கல் ஓயா பதுளைக்குக் கிழக்கே உள்ள மலைகளில் பிறந்து, சேனாநாயக்க சமுத்திரத்தில் தங்கி, கல்முனைக்குத் தெற்கே கடலில் விழுகிறது. உமா ஓயா வடக்கே ஓடி ரந்தம்பேயில் மகாவலியோடு சேர்கிறது. கிரிந்தி ஓயா பண்டாரவளைப் பக்கத்தில் பிறந்து, எல்லவில் இராவணன் நீர்வீழ்ச்சியாக விழுந்து, வெல்லவாய, தனமல்வில தாண்டி, லுணுகம்வெஹெரவில் தேங்கி, தெற்குக் கடலை அடைகிறது. மலையில் ஒருவர் செய்யும் முடிவு முகத்துவாரத்தில் இன்னொருவரின் வலையில் தெரியும்.

கிரிந்தி ஓயா இதற்கு நல்ல உதாரணம். 1986இல் லுணுகம்வெஹெர நீர்த்தேக்கத் திட்டம் இயங்கத் தொடங்கியது. புதிய வயல்கள் பச்சையாகின. அந்த வயல்களிலிருந்து வடிந்த நன்னீர் பூந்தலப் பக்கத்து எம்பிலிகல, மலல களப்புகளில் போய்ச் சேர்ந்தது. களப்பு என்பது உப்பும் நன்னீரும் ஒரு அளவோடு கலந்து நிற்கும் இடம். இறால் குஞ்சுகள் கடலிலிருந்து வந்து அங்கேதான் வளரும். நன்னீர் அளவுக்கு மிஞ்சியபோது உப்புத்தன்மை குறைந்தது, இறால் பிடி விழுந்தது. நீர்மட்டம் ஏறியதால் கரையோர மேய்ச்சல் நிலம் மூழ்க, மாடு வளர்ப்போர் முகத்துவாரத்தை வெட்டச் சொன்னார்கள். மீனவர்களுக்கு அது வேறு கணக்கு. 1990இல் இலங்கையின் முதலாவது ராம்சார் ஈரநிலமாக உலகமே அங்கீகரித்த பூந்தலவில் நடந்தது இது. களப்பு மீனவர் எந்த விதியையும் மீறவில்லை. அவருடைய தொழில் பல மைல்களுக்கு அப்பால் இருந்த மதகு ஒன்றால் மாறிப்போனது.

உமா ஓயாவுக்குப் பிறகு

இப்போது அதே கிரிந்தி ஓயாவுக்கு இன்னொரு நதியின் தண்ணீர் வருகிறது. உமா ஓயா பல்நோக்குத் திட்டம் 2024 ஏப்ரல் 24இல் திறந்துவைக்கப்பட்டதை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்தார். ஒரு மாதம் நிறைவதற்குள் ஹெலிகொப்டர் விபத்தில் அவர் காலமான செய்தி வந்தது. புஹுல்பொல, டயரபா என்ற இரண்டு அணைகள். அங்கிருந்து சுரங்கத்தால் மலையைக் குடைந்து கரந்தகொல்லவில் நிலத்தடி மின்நிலையம், 120 மெகாவோற்று. அதற்குப் பிறகு தண்ணீர் கிரிந்தி ஓயாப் பள்ளத்தாக்குக்குப் போகிறது. ஆண்டுக்கு 145 மில்லியன் கனமீற்றர் என்பது திட்டத்தின் கணக்கு.

இந்தத் திட்டத்தின் சுரங்கம் பண்டாரவளை மக்களுக்கு என்ன செய்தது என்பது ஊவாவில் எல்லோருக்கும் தெரியும். 2014 டிசம்பரில் சுரங்கத்துக்குள் நீர் பீறிட்டதைத் தொடர்ந்து கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அதைப் பற்றி நிறையப் பேசியாயிற்று. மீனைப் பற்றி யாரும் பேசவில்லை.

மொனராகலையின் வறண்ட வயல்களுக்குத் தண்ணீர் வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. அந்த விவசாயிகள் தலைமுறையாகக் காத்திருந்தவர்கள். நான் கேட்பது மூன்று கேள்விகளை. ஒன்று, உமா ஓயாவின் நீர் முன்பு ரந்தம்பேக்கும் மினிப்பேக்கும் போனது. மினிப்பே வலதுகரைக் கால்வாய்தான் மஹியங்கனைக்கு அப்பால் உள்ள உல்ஹிட்டிய, ரத்கிந்த நீர்த்தேக்கங்களை நிரப்புகிறது. வறட்சி ஆண்டில் அந்தக் குறைவு அங்கே எப்படித் தெரியும், அப்போது மீனுக்கென்று ஒரு குறைந்தபட்ச நீர்மட்டம் காக்கப்படுமா? இரண்டு, கிரிந்தி ஓயாவில் கூடும் நீர் வயல்களில் வடிந்து மலல களப்புக்கு வந்தால், 1986க்குப் பிறகு நடந்தது இன்னொரு தடவை நடக்குமா? மூன்று, புதிதாக உருவான இரண்டு நீர்த்தேக்கங்களிலும் மீன் பிடிக்க இடம் தரப்படுமானால் முதலில் பதிவாகப் போவது யார்? பக்கத்துத் தோட்டத்து இளைஞரா, நிலம் இழந்த கிராமத்தவரா, அல்லது கொழும்பிலிருந்து டெண்டரோடு வரும் கம்பனியா?

கதவைத் திறப்பதும் விற்பதும்

மூன்றாவது கேள்வி வெறும் சந்தேகமல்ல. நீர்கொழும்பு களப்பில் கட்டுவலை மீன்பிடி 18ஆம் நூற்றாண்டு தொட்டு ஒழுங்காக நடந்துவருகிறது. நான்கு கிராமச் சங்கங்கள், குலுக்கல் முறையில் இடம் ஒதுக்குதல், 1958இல் அதற்கென்றே அரச ஒழுங்குவிதி. உலகமே படிக்கும் ஒரு நல்ல முறை அது. இடத்துக்காகச் சண்டையில்லை, நல்ல இடம் எல்லோருக்கும் மாறி மாறிக் கிடைக்கிறது. அதேநேரம் அந்தச் சங்கங்களின் உறுப்புரிமை பரம்பரையாக வருவது. வெளியில் நிற்பவருக்குக் கதவு திறக்காது. உள்ளே நீதியாக இருக்கும் ஒரு முறை, வெளியில் இருப்பவருக்குச் சுவராகவும் இருக்க முடியும்.

மறுபுறம் இந்தியாவின் ஒடிசாவில் உள்ள சிலிகா ஏரி. அங்கே மீனவச் சங்கங்களின் கையில் இருந்த குத்தகைகளில் ஒரு பங்கை மீனவர் அல்லாதவருக்கும் தரலாம் என்று 1991இல் கொள்கை மாறியது. பணக்காரர்களின் இறால் அடைப்புகள் ஏரியில் முளைத்தன. 1999 மே மாதம் அடைப்புகளை எதிர்த்த மீனவர் போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. அதே காலத்தில் முகத்துவாரம் தூர்ந்து, ஏரியின் மீன்பிடி சில ஆயிரம் தொன்னுக்கும் கீழே விழுந்திருந்தது. 2000 செப்டெம்பரில் புதிய முகத்துவாரம் வெட்டப்பட்டு உப்புநீர் திரும்பியதும் ஒன்றிரண்டு வருடங்களில் அது 10,000 தொன்னைத் தாண்டியது. குத்தகையை யாருக்குக் கொடுப்பது என்று பத்து வருடங்கள் சண்டையிட்டார்கள். ஏரிக்குத் தேவைப்பட்டது நீரோட்டமும்தான்.

1996ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய மீன்பிடிச் சட்டமூலம் ஒன்று சில வருடங்களாக நம் நாட்டில் பேசப்பட்டு வருகிறது. பெரும் முதலீட்டாளர்களுக்கு அது வாசலைத் திறந்துவிடும் என்று கரையோர மீனவர் அமைப்புகள் குரல் கொடுத்தன. அந்த விவாதத்தில் நன்னீர் மீனவரின் குரல் கேட்கவேயில்லை. கடல் இல்லாத மாகாணத்துக்கு மீன்பிடிச் சட்டத்தில் என்ன வேலை என்று நம் அரசியல்வாதிகள் நினைக்கிறார்கள் போலும்.

மீன்பிடி 13ஆவது திருத்தத்தின்படி மத்திக்கும் மாகாணத்துக்கும் பொதுவான ஒருங்கியை நிரலில் உள்ள விடயம். ஊவா மாகாண சபைக்கு கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டெம்பர் 20இல். 2019இல் அதன் காலம் முடிந்ததிலிருந்து மக்கள் தெரிவுசெய்த சபை இல்லை. ஆக, மாகாணத்தில் கேட்கவும் ஆளில்லை, கேட்டால் பதில் சொல்லவும் ஆளில்லை.

என்ன கேட்கலாம், என்ன செய்யலாம்?

அரசிடம் கேட்க வேண்டியவை நான்கு. ஒவ்வொரு நீர்த்தேக்கத்தின் பயிர்ச்செய்கைக் கூட்டத்திலும் மீனவர் குழுவின் பிரதிநிதிக்குச் சட்டப்படி இடம் வேண்டும். வயலுக்குத் தண்ணீரைத் தீர்மானிப்பது போல, மீனுக்கென்று தாழ விடக்கூடாத நீர்மட்டம் ஒன்றையும் அதே கூட்டத்தில் தீர்மானிக்க வேண்டும். உமா ஓயா நீரின் விளைவைக் கணக்கிடும்போது மலல, எம்பிலிகல களப்பு மீனவர்களையும் அழைத்துக் கேட்க வேண்டும். புதிய நீர்த்தேக்கங்களில் மீன்பிடி தொடங்கினால், அனுமதிப்பத்திரத்தில் முதல் உரிமை அந்தக் கரையில் வாழ்பவருக்கும் தோட்டத்து மக்களுக்கும் தரப்பட வேண்டும். லயத்து முகவரி அதற்குத் தடையாகக் கூடாது.

நாமே செய்ய வேண்டியதும் ஒன்று உண்டு. நமது பள்ளிவாசல்களில் பைத்துல்மால் இருக்கிறது. வட்டியில்லாக் கடன் கொடுக்கும் அமைப்புகள் இருக்கின்றன. சரியான கண் அளவுள்ள வலை வாங்க ஒரு மீனவருக்கு, அவர் எந்தச் சமூகத்தவராயினும், மீனை எங்களுக்கே விற்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல் கடன் கொடுத்தால், அது எந்தச் சோதனை நடவடிக்கையையும் விடக் குளத்தைக் காக்கும். சந்தேகத்தோடு நம்மைப் பார்க்கும் அயலவரிடம் நாம் யார் என்று சொல்லவும் இதைவிட நல்ல வழி இல்லை.

அல்குர்ஆனில் அல் அஃராஃப் அத்தியாயத்தில் ஒரு கடலோர ஊரின் வரலாறு வருகிறது. சனிக்கிழமை மீன் பிடிக்கக் கூடாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. வெள்ளியன்றே தடுப்புகளை அமைத்து, ஞாயிறன்று மீனை அள்ளினார்கள் என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். கட்டளையின் எழுத்தைக் காத்து அதன் நோக்கத்தைக் கொன்றவர்கள் அவர்கள். அந்த ஊரில் மூன்று வகையினர் இருந்தார்கள். மீறியவர்கள், தடுத்து எச்சரித்தவர்கள், எச்சரிப்பதால் என்ன பயன் என்று ஒதுங்கி நின்றவர்கள். எச்சரித்தவர்கள் காப்பாற்றப்பட்டார்கள் என்று வசனம் தெளிவாகச் சொல்கிறது. ஒதுங்கி நின்றவர்களின் முடிவு என்னவென்று நமது முன்னோர்கள் நெடுங்காலம் யோசித்திருக்கிறார்கள்.

ஊவாவின் குளங்கள் விடயத்தில் இதுவரை நாம் அந்த மூன்றாவது வரிசையில் நின்றிருக்கிறோம். சில வேளைகளில், என் வாப்பாவின் கொப்பி காட்டுவது போல, தெரியாமலேயே முதல் வரிசையிலும் நின்றிருக்கிறோம். அந்தக் கொப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. கடன்களை வெட்டிவிட்ட பக்கங்களுக்குப் பின்னால் வெற்றுத் தாள்கள் நிறைய மிச்சம். எங்கள் மஹல்லாவின் நிர்வாகத்தவர்களிடம் அதைக் கொண்டுபோய், வலைக்கான முதல் வட்டியில்லாக் கடனை அதில் எழுதும்படி கேட்கப் போகிறேன்.